நாம் வைத்த முதல் பொங்கல்

பொங்கல் வைப்பதில் என்ன பிரமாதம் இருக்கிறது என்று நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். பானையில் பாலும் தண்ணீரும் விட வேண்டியது; பொங்கி வழிந்ததும் அரிசியைப் போட வேண்டியது; வெந்ததும் வெல்லத்தைப் போட்டு இறக்க வேண்டியது. இத்தனை சுலபமான காரியத்துக்காக ஒரு மனுஷி விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்திருப்பானேன் என்று நம் தாயாரைப் பரிகாசம் செய்ததுண்டு. பரிகாசம் செய்துகொண்டே மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் உண்டு.

தாயார் 2022-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் காலமானார். அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில், துக்க வருஷமென்று வீட்டில் பானை ஏறவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பொங்கல்தான், முந்திரிப் பருப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை ஒருவர் பக்கமாக ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். வருஷம் திரும்பி, தலைத் திவசமும் முடிந்து, 2024-ஆம் வருஷத்துப் பொங்கல் நெருங்கியபோதுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. நாம், நம் சம்சாரம், பன்னிரண்டு வயதுப் பெண் ஆகிய மூன்று பேரில் ஒருவருக்கும் பொங்கல் வைக்கத் தெரியாது!

சம்சாரத்தின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொங்கலன்று மட்டும் தாயார் அகப்பையை அவள் கையில் கொடுத்ததே கிடையாது. "நீ தேங்காயைத் துருவு தாயி" என்பார். "ஏலக்காயைத் தட்டு தாயி" என்பார். பானைக்குப் பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது. ஒரு வருஷம் அவள் சாமர்த்தியமாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், கேட்டுக் கேட்டு எழுதி வைத்தாள். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தோம். "அரிசி: வழக்கம் போல. பருப்பு: அதற்குத் தக்கபடி. தண்ணீர்: பார்த்து. வெல்லம்: போதுமட்டும். நெய்: மனசு போல." அவ்வளவுதான். கைப்பேசியில் சமையல் சொல்லிக் கொடுப்பவர்களைக் கேட்டோமானால் ஒருவர் மூன்று பங்கு தண்ணீர் என்கிறார். இன்னொருவர் ஆறு பங்கு என்கிறார். மூன்றாமவர் குக்கரில் ஐந்து விசில் வந்தால் தீர்ந்தது என்கிறார்.

இந்த நிலைமையில்தான் சின்னமனூருக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சின்னம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. தாயாருக்கு ஒரே தங்கை. வயது எழுபத்தெட்டு.

"பொங்கலுக்கு இங்கே வந்துருங்க தம்பி. அக்கா பிறந்த மண்ணுல வையுங்க. ஆனா ஒண்ணு. எனக்குக் கை நடுங்குது. நான் பானையைத் தொட மாட்டேன். திண்ணையில உக்காந்து பாப்பேன். வாயையும் திறக்க மாட்டேன். சொல்லிக் கொடுத்தா இது வராது."

ஜனவரி 12-ஆந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறினோம். தேனிக்கு ரயிலில் போவதே சமீப காலத்தில்தான் மறுபடியும் சாத்தியமாகியிருக்கிறது. மலையில் விளையும் ஏலக்காயையும் காப்பிக் கொட்டையையும் கீழே கொண்டுபோக வேண்டி 1928-ஆம் வருஷத்தில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் விட்டார்கள். 2010-ஆம் வருஷக் கடைசியில், பாதையை அகலமாக்கப் போகிறோம் என்று அதை நிறுத்தினார்கள். அகலமான பாதை தேனிக்கு வந்து சேர்ந்தது 2022-ஆம் வருஷம் மே மாதத்தில். சென்னையிலிருந்து நேரே போடிக்கு வண்டி வந்தது 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். யானை உலாவும் காட்டில், மலைக் காய்ச்சலுக்கு நடுவே, பெரியாறு அணையை எட்டு வருஷத்தில் கட்டி முடித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் சற்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் வண்டி வந்துவிட்ட சந்தோஷத்தில் ஊரார் அந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டார்கள். நாமும் மறந்துவிடுவோம்.

உசிலம்பட்டி வரையில் மதுரைச் சீமையின் வறண்ட செம்மண்தான். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. மேற்கே மலைத்தொடர் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. தெற்கே மேகமலை, பெயருக்கு ஏற்றபடி, மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தென்னையும் வாழையும் வயலுமாக, கம்பத்தையும் தாண்டிக் குமுளி மலையடிவாரம் வரையில் ஓடுகிறது பள்ளத்தாக்கு.

தேனிக் கடைத்தெருவில் சாமான் வாங்குவதற்கே அரை நாள் பிடித்தது. சென்னையில் தாயார் வெண்கலப் பானையில்தான் வைப்பார், இங்கே மண்பானை. குயவர் வீட்டு அம்மாள் ஒவ்வொரு பானையாகக் கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கணீரென்று சொன்னால் நல்ல பானை. 'டப்' என்றால் எங்கேயோ கீறல். நம் பெண் கடையிலிருந்த பானைகளையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைச் சம்மதித்தாள். "ராத்திரி பூராத் தண்ணி ஊத்தி வையுங்க. அப்படியே அடுப்புல ஏத்தினா வெடிச்சுப் போகும்" என்று சொல்லியனுப்பினார் அந்த அம்மாள். பிறகு மண்டை வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, பச்சை மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஏலக்காய் வாங்குவதற்கு மட்டும் நாம் பேரம் பேசவில்லை. மலைக்கு அப்பால் இடுக்கிச் சீமையில் விளைகிற ஏலக்காய் போடிக்கு வந்து அங்கே ஏலத்தில் விலை போகிறது. ஏலக்காய்க்கு ஏலம் என்று நாம் சொன்ன சிலேடையைக் கேட்டுக் கடைக்காரர் சிரிக்கவில்லை. தினமும் யாராவது ஒருவர் சொல்லுவார் போலிருக்கிறது.

அரிசி விஷயத்தில்தான் நமக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பொங்கல் என்றால் புது அரிசி. அறுத்த வயல், களத்தில் நெற்போர், இப்படித்தான் படத்திலும் பாட்டிலும் கண்டிருக்கிறோம். பஸ்ஸில் சின்னமனூர்ப் பக்கம் போகும்போது இரு பக்கமும் பார்த்தால் வயலெல்லாம் பச்சைப் பசேலென்று இளம் பயிர்! சில வயல்களில் நடவே அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் நாற்று நடுகிற ஊரை நாம் பார்த்ததில்லை.

"முதப் போகம் ஐப்பசி, கார்த்திகையிலேயே அறுத்தாச்சு, இது ரெண்டாம் போகம்" என்றார் சின்னம்மா. "நமக்குப் பொங்கல் அரிசி ரெண்டு மாசத்து அரிசி தம்பி. ஒரு போகம் குதிருக்குள்ள, ஒரு போகம் வயலுக்குள்ள. தஞ்சாவூர்க்காரங்களுக்கு இப்படி வாய்க்குமா?"

தஞ்சாவூர்க்காரர்கள் இதற்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் இந்த இரண்டு போகத்தின் கதையைச் சொல்லாமல் கம்பம் பள்ளத்தாக்கின் பொங்கலைப் பற்றிச் சொல்ல முடியாது. மேற்கு மலையில் பெய்கிற மழையெல்லாம் பெரியாறாகத் திரண்டு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. மலைக்கு இந்தப் பக்கத்தில் வைகை வறண்டு கிடந்தது. அந்த ஆற்றைத் திருப்பி இந்தப் பக்கம் விட்டால் என்ன என்ற யோசனை முதன் முதலில் ஒரு தமிழருக்கு உதித்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1789-ஆம் வருஷத்தில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி மலையைப் பார்வையிடச் செய்தார். செலவு தாங்காதென்று அது நின்று போயிற்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்ட பிறகுதான் வெள்ளைக்காரச் சர்க்கார் கண்ணை விழித்தது. 1886-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு குத்தகை எழுதினார்கள். 8000 ஏக்கருக்கு வருஷம் 40,000 ரூபாய். தவணை 999 வருஷம்! தங்கள் ராஜ்யம் அத்தனை காலம் நிலைக்கும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள் போலும். அறுபத்தோராவது வருஷமே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அணை கட்டும் பொறுப்பு இராணுவ என்ஜினீயர் ஜான் பென்னிகுயிக் என்பவரிடம் வந்தது. சுண்ணாம்பும் செங்கற் பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால் கட்டினார்கள். வேலை நடக்கும்போதே வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போயிற்று. காலராவும் மலைக் காய்ச்சலும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. அணையைக் கட்டியது போதாதென்று, மலையைக் குடைந்து ஏறக்குறைய 5700 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். 1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் விளைகிறது. மேலூர் வரையில் பாய்கிற நிலம் தனிக் கணக்கு. பணம் போதாமல் நின்றபோது துரை தமது சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரிலே ஒரு கதை உண்டு. தேனியில் யாரைக் கேட்டாலும் கண்ணால் பார்த்தது போலச் சொல்லுவார்கள்.

சின்னம்மா அந்தக் கதையைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார். அவருடைய பாட்டனார், அதாவது நம் தாயாருக்கும் பாட்டனார், இளம் வயதில் அணை வேலைக்குச் சுண்ணாம்பு சுமக்கப் போனவராம். கூடவே போன அண்ணன் திரும்பி வரவில்லை. "பாட்டையா பொங்கலன்னைக்கு முதல் அகப்பையை இலையில வைக்க மாட்டாரு. மேக்கே பாத்து மண்ணுல வைப்பாரு. அண்ணனுக்கு" என்றார். சென்னையில் நம் தாயாரும் பொங்கலன்று சிறிது எடுத்து, மாடியில் மேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைப்பது வழக்கம். காக்கைக்கு வைக்கிறார் என்று நாற்பது வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

போகியன்று மாலை சிறுபீளைப் பூவும் ஆவாரம் பூவும் வேப்பிலையும் சேர்த்து நிலைப்படியிலும் மாட்டுக் கொட்டிலிலும் செருகினோம். தண்ணீரில் ஊறிய பானையைத் துடைத்துக் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டினாள் நம் பெண். சம்சாரம் உழக்கும் கையுமாகச் சின்னம்மாவிடம் போய் நின்றாள்.

"சின்னத்தை, அளவு மட்டுமாவது சொல்லக் கூடாதா?"

சின்னம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சற்று யோசித்தார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். அரிசி இரண்டு உழக்கு. பிறகு ஒரு விரலை நடுவில் மடித்துக் காட்டினார். பாசிப்பருப்பு அரை உழக்கு. வாயைத் திறக்க மாட்டேன் என்ற விரதத்துக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டார். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதற்கு மட்டும் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு எழுந்தோம். வாசலில் சாணம் தெளித்துப் பெண் கோலம் போட்டாள். மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டி, பன்னாடையையும் காய்ந்த தென்னை மட்டையையும் செருகி, தீ மூட்டும் உத்தியோகத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். நேயர்களில் எத்தனை பேர் விறகடுப்பு மூட்டியிருக்கிறீர்களோ அறியோம். நாம் ஊதிய ஊதலில் புகை அத்தனையும் நம் முகத்துக்கே வந்தது. கண்ணீர் ஆறாகப் பெருகுவதைக் கண்ட எதிர் வீட்டு மாமா, "அம்மா நினைப்பாக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அதை மறுக்கவும் மனமில்லை.

இன்னொரு சங்கடம், சூரியன். பஞ்சாங்கத்துச் சூரியன் உதித்தாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் சூரியன் உதிக்கவில்லை. கிழக்கே வருசநாட்டு மலைத்தொடர் மறைத்துக்கொண்டு நிற்பதால், விடிந்து வெளிச்சம் வந்த பின்னும் வெயில் முகத்தில் படச் சற்று நேரமாகிறது. தெருவில் எல்லா வாசலிலும் அடுப்பு எரிகிறது. எல்லோரும் கழுத்தை நீட்டி மலையைப் பார்க்கிறார்கள். பானை பொங்குவதும் சூரியன் எட்டிப் பார்ப்பதும் ஒன்றாக நேர வேண்டும். அதற்குத் தகுந்தாற் போல விறகை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக ஒரு வித்தை. சின்னம்மா வீட்டு வாசலில் அந்த வித்தை தெரிந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கிணற்றுத் தண்ணீரில் அரிசியைக் களைந்தோம். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது களைந்த நீரைப் பானையில் விட்டுக் கூடவே பசும்பாலையும் ஊற்றினாள் சம்சாரம். கிணறு இருப்பது வாய்க்கால் ஓரத்தில். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் கிணறும் ஏறும். பெரியாற்று மழையில் ஒரு குடம் நம் பானைக்கும் வந்து சேர்ந்திருந்தது என்றே சொல்லலாம்.

ஏழு மணியைத் தாண்டியிருக்கும். மலை விளிம்பில் பொன் கோடு ஒன்று தெரிந்தது. அதே சமயம் பானைக்குள் நுரை எழும்பிற்று. எழும்பிக் கழுத்து வரை வந்து, மஞ்சள் கொத்தைத் தொட்டு, ஒரு க்ஷணம் நின்று, பிறகு சரேலென்று வழிந்தது. தெரு முழுதும் பெண்கள் குலவையிட்டார்கள். "பொங்கலோ பொங்கல்!" என்று நம் பெண் கத்திய கத்தலில் கொட்டிலிலிருந்த பசு எழுந்து நின்றுவிட்டது. நம் சம்சாரம் மட்டும் பேச்சில்லாமல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

பானை மேற்குப் பக்கமாக வழிந்திருந்தது. கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் நல்லது என்று அவள் பிறந்த வீட்டில் கேட்டு வளர்ந்தவள். முதல் முதலில் வைத்த பொங்கல் இப்படி ஆயிற்றே என்று அவளுக்குத் துக்கம். அடுப்புக் கல்லைச் சாய்வாக வைத்தது நாம்தான் என்பதை அந்தச் சமயத்தில் சொல்லலாமா, பிறகு சொல்லலாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தோம்.

சின்னம்மா விரதத்தை விட்டார். "மேக்கே பொங்கினா என்ன தாயி? நமக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது? மேக்கேயிருந்துதானே? வந்த பக்கத்துக்குக் கொஞ்சம் போகட்டுமே. அரிசியைப் போடு."

அரிசியை மூன்று கைப்பிடி முதலில், பிறகு மற்றதும், வறுத்த பருப்புமாகப் போட்டாயிற்று. போடுவதற்கு முன் உலைநீரில் கொஞ்சத்தை மொண்டு தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அரிசி கேட்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வர வேண்டும். இதுதான் "தண்ணீர்: பார்த்து" என்பதன் அர்த்தம் போலிருக்கிறது. பழைய அரிசி தண்ணீரை நிறையக் குடிக்கும். புதிது அவ்வளவு குடிக்காது. சீக்கிரத்தில் குழைந்தும் போகும். ஒவ்வொரு வருஷத்து அரிசியும் வேறு. இதைப் புத்தகத்தில் எப்படி எழுத முடியும்?

இதுவரையில் எல்லாம் சரியாகவே நடந்தது. இனிமேல் நடந்ததற்கு நாமே பொறுப்பாளி. சம்சாரம் குழம்பைப் பார்க்க உள்ளே போனாள். "கிளறிக்கொண்டிருங்கள்" என்று அகப்பையை நம்மிடம் கொடுத்தாள். நாம் கிளறினோம். அரிசி மலர்ந்து, பார்வைக்கு வெந்தாற்போலவே இருந்தது. கரைத்து வடிகட்டிய வெல்லப் பாகு பக்கத்திலேயே இருந்தது. மணமோ மூக்கைத் துளைத்தது. நாம் உற்சாக மிகுதியில் பாகை எடுத்துப் பானையில் ஊற்றிவிட்டோம்.

திண்ணையில் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சின்னம்மா எழுந்து நிற்கிறார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருக்கிறார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது என்னும் சாஸ்திரம் நமக்கு அன்று தெரியாது. இருக்கிற தண்ணீரை வெல்லம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அரிசிக்குக் கிடைப்பதில்லை. வெந்த மட்டும் வெந்ததுதான். உலைநீரை விட்டுப் பார்த்தோம்; தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் கிளறிப் பார்த்தோம். மேலே நெய் பளபளக்கிறது, நிறம் தங்கமாக இருக்கிறது, உள்ளே ஒவ்வொரு பருக்கையும் நடுவில் விதை மாதிரி கடிபடுகிறது. சம்சாரம் வந்து ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். நம்மை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

முதல் அகப்பையைச் சின்னம்மா வாங்கி, நடுங்குகிற கையால் மேற்கே பார்த்து மண்ணில் ஓர் இலைத் துணுக்கின் மேல் வைத்தார். அடுத்த இலை, தாயாரின் படத்துக்கு முன்னால். பிறகுதான் நமக்கு.

பலகாய்க் குழம்பு அமிர்தமாக இருந்தது. பச்சை மொச்சையும் பூசணியும் சர்க்கரைவள்ளியும் கத்தரிக்காயும் சேர்ந்த அந்தக் குழம்பு சம்சாரத்தின் கைவண்ணம்; அதற்கு மேல் சொன்னால் முகஸ்துதியாகும். சர்க்கரைப் பொங்கலை எல்லோரும் மௌனமாக மென்றோம். மெல்ல வேண்டியும் இருந்தது.

"எங்கக்கா வைக்கிற பொங்கல்ல இனிப்பு சாஸ்தி" என்றார் சின்னம்மா. "எனக்கு எப்பவுமே அது பிடிக்காது. அவ மனசு நோகும்னு சொன்னதில்லை. இதுல இனிப்பு சரியா இருக்கு."

நம் பெண் கேட்டாள்: "அரிசி, அப்பத்தா?"

"அரிசி வேகலை" என்றார் சின்னம்மா.

அன்று பகலில் பாலார்பட்டிக்குப் போனோம். பென்னிகுயிக் பிறந்தது 1841-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆந் தேதி. சில வருஷங்களில் தை முதல் தேதி ஜனவரி 14-இல் வந்துவிடும். 2024-இல் இரண்டும் ஒரே நாளாக அமைந்தன. பாலார்பட்டி ஜனங்கள் வருஷந்தோறும் அந்த நாளில் அவருக்கென்று தனியாகப் பொங்கல் வைக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குச் செய்வது போல அவர் படத்தை எடுத்து மேளதாளத்தோடு ஊர்வலம் வருகிறார்கள். மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் சந்தனப் பொட்டும் மாலையுமாகப் போகிறார், ஸ்திரீகள் குலவையிடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் 2013-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. தேனிப் பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் இங்கிலாந்தில் காம்பர்லி என்னும் ஊரில் அவருக்குச் சிலை வைத்தது.

வெள்ளைக்காரர்களின் சிலைகளை அகற்ற வேண்டுமென்று கிளர்ச்சி செய்த தேசம் இது. நாமும் அதைச் சரியென்றே எண்ணுகிறவர்கள். ஆயினும் பாலார்பட்டிப் பானைக்கு முன்னால் நின்றபோது அந்த வாதத்தைத் தொடங்கத் தோன்றவில்லை. சர்க்கார் உத்தரவு போட்டுக் குலவையிடச் சொல்ல முடியாது. நமக்கு ஒரு குறைதான். முத்திருளப்ப பிள்ளைக்கு ஒரு படம் இல்லை. சுண்ணாம்பு சுமந்து திரும்பி வராதவர்களுக்கும் இல்லை. அவர்களுக்குச் சின்னம்மா வீட்டு வாசலில் ஓர் இலைத் துணுக்கு இருந்தது. பள்ளத்தாக்கில் வேறு எத்தனை வாசல்களில் இருந்ததோ! கேட்டால் காக்கைக்கு என்று சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் மறுபடியும் அதே பானை, அதே மூன்று கல். இந்த முறை நம்மைப் பசுவின் கொம்புக்கு வர்ணம் பூச அனுப்பிவிட்டார்கள். அகப்பை சம்சாரத்தின் கையிலேயே இருந்தது. தண்ணீரைப் பார்த்துப் பார்த்து விட்டாள். அரிசியை எடுத்து நசுக்கினாள், திரும்பவும் நசுக்கினாள். வெல்லத்தைத் தொடவே இல்லை. கோயமுத்தூரிலிருந்து காலையில் வந்து சேர்ந்த சின்னம்மாவின் மகன், "என்ன மதினி, இன்னைக்கு உண்டா, நாளைக்கா?" என்று கேலி செய்தார். அவள் காதில் வாங்கவில்லை. பருக்கைக்குப் பருக்கை அடையாளம் தெரியாமல் குழைந்த பிறகுதான் பாகை ஊற்றினாள். நாம் எட்டிப் பார்க்கப் பக்கத்தில் போனோம்.

"நீங்கள் தேங்காயைத் துருவுங்கள்" என்றாள், திரும்பிப் பாராமலே.

தேங்காயைத் துருவினோம். பசுவுக்கு முதலில் வைத்தார்கள். அது ஒரே மூச்சில் தீர்த்துவிட்டு இலையையும் தின்றது. சின்னம்மா இரண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிரவே சென்னைக்கு ரயில். பானையை வைக்கோலில் சுற்றி, பெண் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. வண்டி ஆண்டிபட்டியைத் தாண்டியபோது சம்சாரம் கைப்பையிலிருந்து அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "அரிசி: வழக்கம் போல" என்பதற்கு எதிரே "இரண்டு உழக்கு" என்று எழுதினாள். பருப்புக்கு எதிரே "அரை" என்றாள். வெல்லத்துக்கு எதிரே, "அரிசி நசுங்கிய பிறகு" என்று எழுதி, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடியில் இரண்டு கோடு போட்டாள். தண்ணீருக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.